பேர் வரும் இடத்தில் மணி

மேகமலை
9.6.2025

அன்புள்ள விஜய்ராஜ் அண்ணனுக்கு, தங்கை ஜெபஷீலாவின் ஸ்தோத்திரம்.

நானும் பவுனும் சுகம். நீங்களும் கிருபாவதி மதினியும் அதுபோல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் பக்கம் டவர் கிடையாது. டவர் கிடைக்கும் என்று சொல்கிற பாறையில் ஏறி நின்றால், சிக்னல் ஏறுவதற்கு முன்னால் காலில் அட்டை ஏறிவிடுகிறது. எஸ்டேட் ஆபீஸ் போன் அவசரத்துக்கு மட்டும். என் விஷயம் அவசரம்தான், ஆனால் மேனேஜர் முன்னால் நின்று பேசக்கூடிய அவசரம் இல்லை.

போன அக்டோபர் மழையில் ஜீப் கவிழ்ந்து அவர் போனதிலிருந்து, பவுனு தன் அப்பா குரலைக் கேட்டால்தான் தூங்குகிறாள். தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவராகக் கட்டிப் பாடுவாரே, அந்தத் தாலாட்டு. ஆம்பிளை தாலாட்டுப் பாடுவதா என்று லைனே கேலி பண்ணியது உங்களுக்கும் தெரியும். ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தங்கிவிடுகிற நாளில் இவளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லித்தான் அதைப் போனில் பதிந்து வைத்தார். பாட்டில் இவள் பேர் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். கடைசியாகப் பேர் வரும்போது தூங்கியிருப்பாள்.

அவர் போன் பேட்டரி உப்பி வீணாகிவிட்டது. மெமரி கார்டை என் போனில் போட்டுப் பார்த்தேன். சில நாள் பாடுகிறது. சில நாள் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். விரல் தவறிப் பட்டுவிட்டால் மிச்சமிருக்கிறவரையும் நானே அழித்தவள் ஆகிவிடுவேனே. பகலெல்லாம் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கார்டைக் கைக்குட்டையில் முடிந்து, டீத்தூள் பொட்டலத்துக்குள் வைத்து, பஸ் டிரைவர் தங்கப்பாண்டியன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். மதினிக்குக் கொஞ்சம் ஏலக்காயும் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் கடையில் வைத்து அந்தப் பாட்டை ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஏற்றித் தர முடியுமா? செலவு கூடுதல் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். உங்களை விட்டால் இதை நான் யார் கையில் கொடுப்பேன்?

அன்புத் தங்கை,
ஜெபஷீலா


தேனி
17.6.2025

பாசமுள்ள தங்கச்சி ஜெபஷீலாவுக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. உன் மதினி ஏலக்காயை மோந்து பார்த்துவிட்டு, "அப்ப இம்புட்டு நாளா பஜார்ல நமக்கு எதைக் குடுத்தாக?" என்று கடைக்காரர்களை வரிசையாகத் திட்டி முடித்தாள்.

முதல் வேலையாகக் கார்டில் இருந்ததைக் கடைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டேன். கர்த்தர் பெரியவர். எடுத்து முடித்ததும் கார்டு செத்தது. இனி எதற்குள் போட்டாலும் அது திறக்காது. நீ இன்னும் ஒரு வாரம் தள்ளி அனுப்பியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

வெறும் ஸ்பீக்கர் வேண்டாம். உன் வீட்டிலேயே ஒரு மியூசிக் சர்வர் வைத்துவிடுவோம். பேரைக் கேட்டு மிரளாதே. ஒரு கம்ப்யூட்டர் மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டெல்லாம் அதற்குள் இருக்கும். உன் போனிலிருந்தோ பக்கத்து வீட்டுப் போனிலிருந்தோ வைஃபை மூலம் எந்தப் பாட்டையும் கேட்கலாம். இதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதே. உன் மதினியின் தங்கைக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் டிஸ்ப்ளே உடைந்து பரணில் கிடக்கிறது. பாட்டுப் பாடுகிறவனுக்கு முகம் எதற்கு? மேலே உங்களுக்குக் கரண்ட் போய்ப் போய் வரும். லேப்டாப் என்றால் உள்ளேயே பேட்டரி இருக்கிறது, பாட்டு நிற்காது. அதில் லினக்ஸ் ஏற்றுகிறேன், அதற்குக் காசு கிடையாது. கடையில் யாரோ விட்டுப்போன ரவுட்டர் ஒன்று இருக்கிறது. பழைய ஹோம் தியேட்டரில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் நன்றாகப் பாடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்குவோம், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. செல்வின் அந்தக் கார்டில் சேர்த்து வைத்திருந்த கீர்த்தனை, கிறிஸ்மஸ் பாட்டு, அவன் மைக் பிடித்து உளறியது எல்லாவற்றையும் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. என் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. ஒரு பாட்டு ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அதனால் ஒரு பிரதி என்னிடமும் இருக்கட்டும். சரி என்று ஒரு வரி எழுது.

எப்சிபாவுக்கு என் முத்தம். நீங்கள் இரண்டு பேரும் பவுனு பவுனு என்று கூப்பிட்டால் எனக்கு அடகுக்கடை ஞாபகம்தான் வருகிறது. ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நான் சொன்ன பேர் எப்சிபா. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

உன் அண்ணன்,
விஜய்ராஜ்


மேகமலை
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு பிரதி உங்களிடம் இருப்பது எனக்கும் தைரியம்தான் என்று முன்பே ஒரு வரி எழுதிப் போட்டேன், கிடைத்திருக்கும். இப்போது சர்வரும் வந்துவிட்டது. தங்கப்பாண்டியன் அண்ணன் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பயணியிடம் கொடுத்துக் கொண்டுவந்தார். நீங்கள் எழுதிய முறைப்படியே வயரைச் சொருகினேன். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. என் போனில் உங்கள் கையால் ஏற்றின பாட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா ஷீலா, டவரே இல்லாம பாட்டு எங்கன இருந்து வருது?"

"இங்கனதான்க்கா, இந்தப் பெட்டிக்குள்ள."

"பெட்டி மூடிக் கெடக்குதேத்தா. உள்ள யாரு உக்காந்திருக்கா?"

இப்போது அவர் வீட்டிலும் இரண்டு போன்களில் இதே வைஃபைதான். அவர் மகன் கிறிஸ்மஸ் பாட்டை ஆனி மாதத்தில் போட்டு, லைன் முழுக்க இயேசு பிறந்துவிட்டார். நீங்கள் செய்த நன்மையை நான் மறக்கவே மாட்டேன் அண்ணா.

ஒரே ஒரு குறை. குறை சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. தாலாட்டில் பிள்ளை பேர் வரும் இடத்திலெல்லாம் பேரைக் காணோம். அங்கே 'டிங்' என்று ஒரு மணிச் சத்தம் வருகிறது. முதல் நாள் பவுனு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா என் பேரச் சொல்லலம்மா. மணி அடிக்கிறாக" என்றாள். வயர் ஏதாவது லூசாக இருக்குமா? பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். மற்ற பாட்டெல்லாம் சுத்தமாக வருகிறது, இதில் மட்டும்தான் இப்படி. உங்களிடம் இருக்கும் பிரதியில் சரியாக இருந்தால் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். அவசரமில்லை. ஆனால் அவள் தூங்குவதில்லை.

அன்புத் தங்கை,
ஜெபஷீலா


தேனி
21.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சர்வர் ஓடுவது கேட்டுச் சந்தோஷம். வயரில் ஒன்றுமில்லை, பிடுங்காதே. கார்டு கெட்டுப்போனதில் அந்த இடங்கள் மட்டும் பழுதாகிவிட்டன. கரகரவென்று காதைக் கிழித்தது, பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று நான்தான் மணிச் சத்தம் வைத்து மூடினேன். சின்னப் பிள்ளைதானே, பழகிவிடும்.

கடையில் புது வேலை ஒன்று நன்றாகப் போகிறது, இன்டர்நெட் சம்பந்தப்பட்டது. மூச்சு விட நேரமில்லை. அதனால்தான் இந்தச் சுருக்கம். மதினி விசாரித்தாள்.

விஜய்ராஜ்


மேகமலை
2.9.2025

விஜய்ராஜ் அண்ணனுக்கு,

நேற்று உங்களுக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்திருக்கும். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி நான்தான் போட்டேன். நீங்கள் எடுத்து, "வணக்கம், குழந்தை பேர் சொல்லுங்க" என்றீர்கள். உடனே வைத்துவிட்டேன். ஏன் பேசவில்லை என்று இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பவுனுக்கு ஐந்து வயது ஊசி போடச் சின்னமனூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உத்தமபாளையத்துக்காரப் பெண் ஒருத்தி, முனீஸ்வரி என்று பேர். அவள் கைப்பிள்ளை ஊசி வலியில் வீறிட்டு அழுதது. அவள் போனை எடுத்துப் பிள்ளை காதோரம் வைத்தாள். அண்ணா, அவர் பாடினார்.

முதலில் நான் என் காதை நம்பவில்லை. பவுனு நம்பிவிட்டாள். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி அந்தப் போனைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணும் நல்லவள், போனைப் பிடுங்கவில்லை. பவுனு காதை அதில் வைத்துக்கொண்டு பேர் வருவதற்காகக் காத்திருந்தாள். "ஏலக்காய்க் காடு தூங்குது, தர்ஷன்" என்றார் அவர். "ஏறிவந்த ஜீப்பு தூங்குது, தர்ஷன்" என்றார். மணிச் சத்தம் இல்லை. கரகரப்பும் இல்லை. அவர் குரலேதான்.

பவுனு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா எதுக்கும்மா இந்தப் பாப்பாவக் கூப்புடுறாக?"

நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எங்க கொழுந்தனாரு துபாய்ல இருக்காக. அவுகதான் காசு கட்டி வாங்கி அனுப்பிச்சாக. பேர மட்டும் எழுதிக் குடுத்தாப் போதுமாம்க்கா. அந்த அண்ணனே நம்ம பிள்ளை பேரச் சொல்லிப் பாடித் தருவாக."

"எந்த அண்ணன்?"

"மேல மலையில யாரோ இருக்காகளாம். ஆம்பிளை தாலாட்டுப் பாடுறதே அதிசயம். இதுல ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா உக்காந்து பாடுறாகன்னா எம்புட்டு நல்ல மனசு, பாருங்க."

உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துகிறாள். போனில் பாட்டுக்கு அடியில் போட்டிருந்த நம்பரைப் பார்த்தேன். உங்கள் கடை நம்பர்.

அப்புறம்தான் மணி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பழுதான இடத்தை நீங்கள் மூடவில்லை. என் பிள்ளை பேரை வெட்டி எடுத்து, யார் பிள்ளை பேரையும் சொருகுகிற மாதிரி அந்த இடத்தைக் காலி பண்ணி வைத்திருக்கிறீர்கள். காலி இடம் எங்கே என்று தெரிவதற்குத்தான் மணி. வெட்டினதையே கை தவறி எங்கள் பெட்டியிலும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டதற்கு, பிள்ளை பயப்படும் என்று எனக்காகப் பரிந்து பேசி ஒரு பொய்யும் சொன்னீர்கள்.

துரோகம் என்ற வார்த்தையைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அது பெரிய ஆட்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன். கைக்குட்டையில் முடிந்து, டீத்தூளுக்குள் ஒளித்து, நம்பி அனுப்பினேனே. வெளியாள் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். உங்களிடம் எப்படிச் சண்டை போடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வெட்டாத பாட்டை அனுப்பிவையுங்கள். மற்றதை எல்லாம் நிறுத்துங்கள்.

ஜெபஷீலா


தேனி
11.9.2025

தங்கச்சி ஜெபஷீலாவுக்கு,

உன் கடிதத்தைக் கிருபாவதிதான் முதலில் பிரித்தாள். வாசித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

ஆமாம், நான் செய்தேன். முதலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் பாடினதை அப்படியே ஒரு நாள் நெட்டில் போட்டேன், நாலு பேர் செல்வினைக் கேட்கட்டுமே என்றுதான். எங்கெங்கோ இருக்கிற தாய்மார்கள் அழுதேன் அழுதேன் என்று எழுதினார்கள். ஒருத்தி, என் பிள்ளை பேரைச் சொல்லிப் பாடுவாரா என்று கேட்டாள். ஏஐ வைத்தால் அவன் குரலிலேயே எந்தப் பேரையும் சொல்லவைக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஒன்று செய்து பார்த்தேன். அப்புறம் நிற்கவில்லை. செத்துப்போனவன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால் மலையில் இருக்கிறான் என்று எழுதினேன்.

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பாய். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதைவிட உண்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

இப்போது சொல்லப்போவது அதைவிடக் கஷ்டம். வெட்டாத பாட்டு என்னிடம் இல்லை. கடையில் ஆட்கள் நெரிசல், அந்த அவசரத்தில் பேரை வெட்டிவிட்டுப் பழைய ஃபைலின் மேலேயே சேவ் பண்ணிவிட்டேன். இரண்டாவது பிரதி இருந்தது. ஆனால் முதலாவதில் எது மாறினாலும் தானாக அதைப் பார்த்துத் தன்னையும் மாற்றிக்கொள்ளும்படி அதை நான்தான் வைத்திருந்தேன். அதிலும் வெட்டுப்பட்டது ஏறிவிட்டது. நெட்டில் போட்டிருந்த முழுப் பாட்டையும், புது வியாபாரம் தொடங்கியபோது நானே எடுத்துவிட்டேன். கார்டோ செத்துவிட்டது. எங்கெங்கோ தேடிவிட்டேன் தங்கச்சி. இல்லை.

ஆனால் கலங்காதே. இதோடு ஒரு பென் டிரைவ் இருக்கிறது. பேரைத் திரும்ப வைத்துவிட்டேன். மற்றவர்களுக்குச் செய்ததைவிட நூறு மடங்கு கவனமாகச் செய்திருக்கிறேன். அவன் மூச்சு வாங்குவதுகூட இருக்கிறது. நானே அவனோடு சின்ன வயதிலிருந்து பழகினவன், என்னாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்சிபாவும் கண்டுபிடிக்க மாட்டாள். நிம்மதியாகத் தூங்குவாள்.

பாட்டு விற்க நெட்டில் வைத்திருந்த சேனலை நிறுத்திவிட்டேன். உன் கடிதத்தில் நீ என்னைத் திட்டி எழுதினாலும் அண்ணன் என்று போட்டிருந்தாய். அதை மட்டும் எடுத்துவிடாதே.

உன் அண்ணன்,
விஜய்ராஜ்


மேகமலை
30.9.2025

திரு. விஜய்ராஜ் அவர்களுக்கு,

பென் டிரைவ் வந்தது. போடக் கூடாது என்றுதான் இருந்தேன். துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு, இந்தப் பிள்ளையை ஏன் வதைக்க வேண்டும், பொய்யோ மெய்யோ தூங்கினால் போதும் என்று நானே எடுத்துச் சொருகினேன். அந்த அளவுக்கு இறங்கி வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள். மூச்சு வாங்குவதும் இருந்தது. பவுனு பாயில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். "ஏலக்காய்க் காடு தூங்குது, எப்சிபா" என்றது உங்கள் இயந்திரம்.

அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். "இது அப்பா இல்லம்மா" என்றாள். "அப்பா எதுக்கு சர்ச்சுப் பேரச் சொல்றாக? என்னையப் பவுனுன்னுல்ல கூப்புடுவாக."

அவர் ஒரு நாளும் அவளை எப்சிபா என்று கூப்பிட்டதில்லை. ஜீப்பை நிறுத்தும்போதே "பவுனு" என்று கத்திக்கொண்டுதான் இறங்குவார். பாட்டில் நீங்கள் வெட்டின இடங்களில் எல்லாம் இருந்தது பவுனுதான். அதைக் கேட்டு, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்து, உங்கள் கையாலேயே வெட்டியிருக்கிறீர்கள். எதை வெட்டினீர்கள் என்பதுகூட உங்களுக்கு ஞாபகம் இல்லை. விற்றதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பென் டிரைவை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். சர்வர் இங்கேயே இருக்கும். அது மேல் எனக்குக் கோபமில்லை, லேப்டாப் மதினியின் தங்கையுடையது, அவள் கேட்டால் கொடுத்துவிடுவேன். மணி அடிக்கிற பாட்டையே வைத்துக்கொண்டோம். காப்பகம் பக்கத்தில்தான், வைஃபை எட்டுகிறது; மத்தியானம் அங்கே அதைப் போடுகிறேன். மணி அடிக்கிற இடத்தில் பவுனு தன் பேரைத் தானே கத்துகிறாள். இப்போது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. அவர் "ஏறிவந்த ஜீப்பு தூங்குது" என்கிறார், மணி அடிக்கிறது, அத்தனை வாண்டுகளும் "பவுனு!" என்று கூரை தெறிக்கக் கத்துகின்றன. அதற்குப் பிறகு யார் தூங்குவது? சங்கிலியம்மாள் அக்கா வந்து என்னைத் திட்டுகிறார். பவுனு மட்டும் சிரிக்கிறாள். வெகுநாளைக்குப் பிறகு சிரிக்கிறாள்.

மதினியிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். ஏலக்காய் அவருக்கு மட்டும் தனியாகக் கட்டி, தங்கப்பாண்டியன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பாட்டு ஒரே இடத்தில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. அவர் இந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். உங்களிடம் இருக்கும் அவர் குரலை, அவர் பேசினது, பாடினது, இயந்திரம் பாடினது எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரும் "ஃபார்மட் செய்யவா?" என்று ஒரு தரம் கேட்கும். நான் எத்தனையோ நாள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. எனக்காக நீங்கள் 'சரி' என்று அழுத்துங்கள்.

இப்படிக்கு,
பவுனு அம்மா